பேச்சியம்மாள் எடுக்க வந்த இரண்டு ரூம்

வங்கி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, கடன் கேட்டு வருகிறவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று பயிற்சியில் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். வாங்கிய கடனைக் கட்டாதவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதை இன்னும் விளக்கமாகச் சொல்லியிருப்பார்கள். ஆயுசில் பார்த்திராத பணம் ஒரே நாளில் கணக்கில் வந்து விழுந்தவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று யாரும் சொல்லித் தரமாட்டார்கள். எனக்கும் சொல்லித் தரவில்லை. அதனால்தான் பேச்சியம்மாளைப் பற்றிச் சொல்ல வந்தேன். பெயரை மாற்றியிருக்கிறேன், மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி. பட்டாசு வெடித்துப் புருஷன் செத்ததற்கு வந்த பணத்தை வைத்துப் பட்டாசு செய்யும் ரூம் குத்தகைக்கு எடுக்கப்போகிறேன் என்று என் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தவள் அவள்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். எங்களுடையது விருதுநகரில் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்த குடும்பம். வட்டி வாங்குவதும் ஆகாது, கொடுப்பதும் ஆகாது என்று இருந்த வீட்டிலிருந்து நான் வங்கி வேலைக்குப் போனேன். என் முதல் சம்பளத்தைத் தொடலாமா கூடாதா என்று அத்தா யோசித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். ஓய்வு பெறுவதற்கு முன் சில வருஷங்கள் சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு கிளைக்கு மேலாளராக இருந்தேன். எம். புதுப்பட்டி, நாரணாபுரம், வெம்பக்கோட்டைப் பக்கத்துச் சனங்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "அந்தம்மா வையும், ஆனா வேலைய முடிச்சுக் குடுத்துரும்" என்று என்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வார்களாம். அதை ஒரு பட்டமாகவே வைத்திருந்தேன்.

பேச்சியம்மாளுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை. இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் பிளஸ் டூ முடிக்கப்போகிறாள், நர்சிங் படிக்க ஆசை. புருஷன் பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். ஒரு நாள் அவர் இருந்த ரூமே வெடித்துப் போய்விட்டது. அரசாங்கம் கொடுத்தது, ஆலைக்காரர் தரப்பில் பேசி வாங்கியது என்று எல்லாமாகச் சேர்ந்து பதினைந்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக அவள் கணக்குக்கு வந்தது. அதுவரை அந்தக் கணக்கில் ஆயிரத்தைத் தாண்டி நின்றதே கிடையாது.

பணம் வந்த செய்தி அவளுக்குத் தெரியும் முன்பே ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஊரைச் சொல்வானேன், எங்கள் மேலிடத்துக்கே தெரிந்துவிட்டது. மறுநாள் காலையில் போன். "மேடம், உங்க கிளையில ஒரு பெரிய தொகை வந்திருக்கு. அதை அப்படியே இன்சூரன்ஸ் பாலிசியாப் போட்டா இந்த மாச டார்கெட் முடிஞ்சுரும்" என்றான் ஒரு பையன். குரலில் ஒரு உற்சாகம். எனக்குக் காது கூசிவிட்டது. அது என்ன பணம் என்று தெரியுமா என்று கேட்டேன். "ஏதோ காம்பன்சேஷன் மேடம்" என்றான். எந்த வீட்டில் எழவு விழுந்து வந்தது என்று விவரமாகச் சொன்ன பிறகும், "பாதியாவது போடலாமே மேடம்" என்றான். அன்று நான் வைத வசவை எழுத முடியாது. நாளைக்கு அந்தப் போன் உங்களுக்கும் வரும். அதனால் சொல்லிவைக்கிறேன், திடீர்ப் பணக்காரரிடம் முதலில் கை நீட்டுவது பெரும்பாலும் நாம்தான்.

அடுத்தது உறவு. புருஷனை இழந்தவள் என்று நல்ல காரியங்களுக்கு முன்னால் வராதே என்று ஓரமாக நிறுத்திவைத்தார்களே, அவர்களே வரிசையாகக் காதுகுத்துக்கும் சடங்குக்கும் பத்திரிகை கொண்டுபோய் வைத்தார்கள். சிவகாசியில் அச்சடிக்கவா பஞ்சம். ஒருவர் தன் பேரன் காதுகுத்துப் பத்திரிகையில் பேச்சியம்மாளின் இரண்டு மகள்கள் பெயரையும் போட்டோவோடு போட்டிருந்தார். பெயரைப் போட்டால் செய்முறைப் பணம் கனமாக வரும் அல்லவா. அந்தப் பத்திரிகையை அவளே என்னிடம் காட்டினாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகத்தோடு காட்டினாள்.

பணத்தை அப்போதைக்குக் கணக்கிலேயே விட்டு வைக்கச் சொல்லி அனுப்பினேன். அடுத்த மாதம் அவள் கொழுந்தன் மாரிச்சாமியோடு வந்து நின்றாள். மாரிச்சாமி அண்ணன் வேலை பார்த்த அதே ஆலையில் வேறு பகுதியில் இருந்தவன். விபத்துக்குப் பிறகு ஆலையைப் பூட்டி சீல் வைத்துவிட்டதால் வேலை இல்லாமல் இருந்தான். பேச்சை அவன்தான் ஆரம்பித்தான்.

"மேடம், மதினி கணக்குல இருந்து எட்டு லட்சம் எடுக்கணும். நாளைக்கே கையில குடுக்கணும்."

"யார் கையில? எதுக்கு?"

"பட்டாசு ரூமு ரெண்டு உள்குத்தகைக்குப் பேசியிருக்கோம். சீசனுக்கு மட்டுந்தான். தீபாவளிக்குள்ள போட்டது ரெண்டாத் திரும்பிரும்."

உள்குத்தகை என்றால் என்ன என்று வெளியூர்ப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆலைக்கு லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும். அவர் அங்கே இருக்கிற ரூம்களைப் பிரித்து ஆளுக்கு ஒன்று இரண்டாகச் சீசனுக்கு விட்டுவிடுவார். சட்டப்படி கூடாது, அதனால் காகிதமும் கிடையாது. பணம் கைமாறும், சாவி கைமாறும், அவ்வளவுதான். நேற்று வரை கூலிக்கு உட்கார்ந்திருந்தவன் இன்று முதலாளி. எங்கள் பக்கத்தில் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தவனுக்கு முதலில் வரும் ஆசை அதுதான். மண்ணை நம்பினால் மழை இல்லை, மருந்தை நம்பினால் மூன்று மாதத்தில் பணம். பேச்சியம்மாளின் புருஷன் செத்ததும் இப்படி ஒருவர் உள்குத்தகைக்கு எடுத்திருந்த ரூமில்தான்.

அவள் முகத்தைப் பார்த்தேன். தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். சரி, கொழுந்தன் மிரட்டிக் கூட்டிவந்திருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். நம் ஆட்கள் எல்லோரும் இந்த இடத்தில் இப்படித்தான் முடிவு கட்டுவார்கள்.

முதல் வேலையாக மாரிச்சாமியை வெளியே அனுப்பினேன். "ஆதார் ரெண்டு பக்கமும் ஜெராக்ஸ் வேணும், பாஸ்புக் ஜெராக்ஸ் வேணும், எதிர்த்த கடையில மிஷின் ஓடலைன்னா பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டு வாங்க" என்றேன். ஜெராக்ஸ் மிஷின் எனக்குப் பின்னாலேயே இருந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்துவிட்டுப் போனான். பெரிய தொகை எடுக்க வருகிறவரிடம் தனியாக ஐந்து நிமிஷமாவது பேசிவிடுங்கள். அதற்கு எந்தப் பொய்யும் சொல்லலாம்.

"பேச்சியம்மா, பயப்படாமச் சொல்லுங்க. அவர் உங்களக் கட்டாயப்படுத்துறாரா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அவனா? அவனுக்கு அம்புட்டுத் தெகிரியம் ஏதும்மா? நாந்தான் ரூம் எடுக்கணும்னு சொன்னேன்."

"நீங்களா! ஏம்மா, உங்க வீட்டுக்காரர் எப்படிப் போனார்னு மறந்து போச்சா?" என்று கத்தியேவிட்டேன். காசாளர் எட்டிப் பார்த்தார்.

"அதுக்குத்தாம்மா எடுக்கேன்" என்றாள். "ரூமுக்கு நாலு பேருதான் இருக்கணும்னு செவுத்துலயே எழுதிப் போட்டுருக்காக. அன்னைக்கு அவுக ரூம்ல பதினோரு பேரு. நாலு பேரா இருந்திருந்தா எந்திரிச்சு ஓடியிருப்பாகல்ல? வாசல்ல ஒருத்தர் மேல ஒருத்தர் கெடந்தாக. நம்ம ரூம்னா நாலு பேருக்கு மேல ஒரு ஆள ஏத்த மாட்டேன். அவுக காசுல ரெண்டு ரூமாச்சும் ஒழுங்கா நடக்கட்டும்மா."

இத்தனை வருஷத்தில் பேராசைக்கு ஒரு பதில் வைத்திருந்தேன், ஏமாந்தவருக்கு ஒரு பதில் வைத்திருந்தேன், மிரட்டப்பட்டவருக்கு ஒரு பதில் வைத்திருந்தேன். இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவள் பணம், அவள் உரிமை. தரமாட்டேன் என்று சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. புத்தி சொன்னால் தலையை ஆட்டிவிட்டுப் போய் ஏடிஎம்மில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்வாள். ஆனால் பெரிய மகளின் படிப்பும் சின்ன மகளின் சாப்பாடும் அந்தப் பணத்துக்குள்தான் இருந்தன. அது போய்விட்டால் இன்னொரு முறை வராது. எப்படி வந்த பணம் அது.

கூடாது என்று நான் சொல்லவில்லை. "சரி, கணக்குப் போட்டுப் பாத்துருவோம்" என்று கிழித்துப் போட்டிருந்த தினசரி காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பி வைத்தேன். ஒரு ஆள் ஒரு நாளைக்கு எவ்வளவு சரக்கு செய்வார், கூலி எவ்வளவு, மருந்துக்கும் பேப்பருக்கும் எவ்வளவு, மழை பெய்தால் எத்தனை நாள் வேலை நிற்கும், எல்லாம் அவளையே கேட்டேன். அவளும் யோசித்து யோசித்துச் சொன்னாள். குத்தகைப் பணத்தை மேலே எழுதினேன். ரூமுக்கு நாலு பேர் என்று வைத்துப் பெருக்கிக் கழித்தோம். நஷ்டம்.

"தப்பாப் போட்டுருப்பீக. மறுபடி போடுங்கம்மா."

மறுபடி போட்டேன். அதே நஷ்டம். அவளே ஆறு பேர் வைத்துப் பார்க்கச் சொன்னாள். போட்ட பணம் தேறும், ஆனால் ஒரு காசு மிஞ்சாது. எட்டுப் பேர் என்று வைத்தபோதுதான் லாபம் என்ற சொல்லை எழுத முடிந்தது. அப்போதுதான் எனக்கும் உறைத்தது. ரூம் விடுகிறவர் குத்தகைத் தொகையைச் சொல்லும்போதே எட்டு பத்துப் பேர் உட்காருவார்கள் என்று வைத்துத்தான் சொல்கிறார். நாலு பேரை வைத்து நடத்த நினைப்பவர் முதல் மாதத்திலேயே திவால். அத்தனை வருஷம் அந்த ஊரில் உட்கார்ந்து இவர்கள் பணத்தை எண்ணியிருக்கிறேன், இது எனக்குத் தெரியாது.

பேச்சியம்மாள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியும், எழுத்துக்கூட்டிப் படிப்பாள். விரலை அந்த எட்டின் மேல் வைத்தாள்.

"அப்ப, அவுக ரூம எடுத்திருந்தவனும் இப்படி ஒக்காந்துதாம்மா கணக்குப் போட்டுருப்பான்?"

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"அவன் குடும்பமே வெளங்காமப் போகணும்னு மண்ண வாரித் தூத்துனேனே. அவனும் மொதல்ல நாலு பேருன்னுதான் நெனச்சிருப்பானோ?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்து அழக் கூடாது என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. அழுதேன். அவள் அழவில்லை.

மாரிச்சாமி ஜெராக்ஸோடு வந்தான். பேச்சியம்மாள் தாளை அவன் பக்கம் தள்ளி, நாலு பேர் வைத்தால் கட்டுபடியாகாதாம் என்றாள். அவன் சிரித்துவிட்டான்.

"நாலு பேர வச்சு யாரு மதினி நடத்துறா? எட்டுப் பேர ஒக்கார வச்சாப் போச்சு. சீசன் மட்டுந்தான? எல்லாரும் செய்யுறதுதான்."

"யாரு யாருலே அந்த எட்டுப் பேரு?"

"நம்ம ஊரு ஆளுகதான்."

"பேரச் சொல்லுலே."

அவன் விளையாட்டாகத்தான் விரலை மடக்க ஆரம்பித்தான். முதலில் தன் பெண்டாட்டி பெயரைச் சொன்னான். "நம்ம செல்வி." இரண்டாவதாக, "காளியம்மா அத்த." மூன்றாவது விரலை மடக்கினான், வாய் திறக்கவில்லை. பேச்சியம்மாள் காத்திருந்தாள். "இன்னும் ஆறு பேரு சொல்லணும்லே" என்றாள். அவன் கையைக் கீழே இறக்கிவிட்டான்.

போகும்போது, "அட்வான்ஸ் குடுத்துருக்கேனே மதினி" என்று மட்டும் சொன்னான். நான் குறுக்கே விழுந்து, "எட்டு லட்சம் போறதுக்கு அட்வான்ஸ் போனாத் தேவலை, விடுங்க" என்றேன். அன்றே பணத்தைப் பிரித்து டெபாசிட்டில் போட்டோம். மகள் படிப்புக்கு ஒன்று, சின்னவளுக்கு ஒன்று, மாதாமாதம் வட்டி வருகிற மாதிரி ஒன்று. எனக்கு ஒரே பெருமை. வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னேன். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்ட நினைப்பு.

பள்ளி முடிவு வந்து மூத்தவளுக்கு நர்சிங் சீட் கிடைத்தது. கல்லூரிக்கு டிடி எடுக்கப் பேச்சியம்மாளும் மாரிச்சாமியும் வந்தார்கள். ஆவணி பிறந்திருந்தது, பட்டாசு ஊர்களில் சீசன் உச்சம். "மாரிச்சாமி எங்க வேலை பாக்குறீங்க?" என்று சும்மாதான் கேட்டேன். "லோடு ஏத்தப் போறான்மா" என்று பேச்சியம்மாள் சொன்னாள். அவன் படிவத்தை வாங்கக் கை நீட்டினான். நகக்கண் எல்லாம் வெள்ளியாக மின்னியது. லோடு ஏற்றுகிறவன் கையில் பெட்டித் தூசி இருக்கும், இந்த வெள்ளி மருந்து இருக்காது. எனக்கு வாய் சும்மா இருக்காதே. கேட்டுவிட்டேன்.

விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டே அவன் சொன்னான். அன்றைக்குக் கொடுத்திருந்த அட்வான்ஸ் ஐம்பதாயிரம், ரூம் பிடித்துக் கொடுத்த தரகரிடமே அவன் கடனாக வாங்கியது. மதினிக்குப் பணம் வந்துவிட்டது, இனி என்ன என்ற தைரியத்தில் வாங்கியிருக்கிறான். அட்வான்ஸ் திரும்ப வரவில்லை, கடன் மட்டும் நின்றது. ரூமை வேறொருவர் எடுத்துக்கொண்டார். "காசு இல்லன்னா ஆளா வந்து ஒக்காரு, சீசன் முடிய கூலியில கழிச்சுக்கிடுதேன்" என்று தரகர் சொல்லிவிட்டார். வீட்டில் சொன்னால் விடமாட்டார்கள் என்று லோடு ஏற்றப் போவதாகச் சொல்லியிருக்கிறான்.

"எந்த ரூம்லே?" என்றாள் பேச்சியம்மாள்.

"நம்ம பேசுன ரெண்டு ரூம்ல ஒண்ணுதான் மதினி."

"எத்தன பேரு?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஒம்போது."

பிள்ளைகளே, என் வேலைக் காலத்தில் எத்தனையோ அதிர்ச்சி பார்த்திருக்கிறேன். கள்ள நோட்டு பார்த்திருக்கிறேன், கூட வேலை பார்த்தவர் விலங்கோடு போனதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒன்பதைக் கேட்டபோது ஆனது போல எனக்கு எப்போதும் ஆனதில்லை. பணத்தைப் பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டு நான் பெருமை பேசிக்கொண்டிருந்த அத்தனை நாளும் இவன் அந்த ரூமில் ஒன்பதில் ஒருவனாக உட்கார்ந்து எழுந்து வந்திருக்கிறான். அதனால் உங்களுக்குச் சொல்கிறேன், பெரிய பணம் வந்தவரிடம் இதை எதில் போடுகிறீர்கள் என்று கேட்கும் முன்னால், இந்தப் பணத்தை நம்பி வீட்டில் யார் யார் எங்கே கடன் வாங்கியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். எங்கள் பக்கத்தில் திடீர்ப் பணம் வங்கிக்கு வந்து சேரும் முன்பே பாதி செலவாகியிருக்கும். அட்வான்ஸ் என்ற சொல் அன்று என் காதில் விழத்தான் செய்தது. யாருடைய அட்வான்ஸ் என்று ஒரு கேள்வி, அதைக் கேட்டிருந்தால் போதும்.

பேச்சியம்மாள் கொழுந்தனை வையவில்லை. இன்னும் எவ்வளவு பாக்கி என்று கேட்டாள். முப்பதாயிரத்துக்குப் பக்கம் என்றான். என் பக்கம் திரும்பி, "டெபாசிட்டுல ஒண்ண ஒடைங்கம்மா, இன்னைக்கே அந்தக் கடன அடைச்சுட்டு இவனக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

வாய்ப் பழக்கம் பாருங்கள், அந்த நேரத்திலும் என் வாயில் வந்தது, "முதிர்வுக்கு முன்னாடி உடைச்சா வட்டி குறையுமேம்மா" என்பதுதான்.

"கொறைஞ்சுட்டுப் போவுது" என்றாள். "எம் புருசனுக்குச் செத்த பெறகு காசு குடுத்தாக. இவனுக்கு முன்னாலயே குடுத்துருவோம்மா."